வைகறையில் விழிக்கும் மழலை

துயிலெழுப்புவதற்கென்றே ஒரு துறையை வகுத்தவர்கள் தமிழ்ப் புலவர்கள். துயிலெடை நிலை என்பது அதன் பெயர். பாசறையில் கண்ணயர்ந்த மன்னனைச் சூதர்கள் பாடி எழுப்புவார்கள். குழந்தைக்கோ அவர்கள் தாலாட்டைத் தந்தார்கள். பிள்ளைத்தமிழில் தாலப் பருவத்தை வைத்தார்கள். நபிபெருமானார் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் பெருமக்களும் அம்மரபையே தழுவினர். அதன் பத்துப் பருவங்களையும் புரட்டிப் பாருங்கள். உறங்கவைக்க ஒரு பருவம் உண்டு, எழுப்புவதற்கு ஒன்றும் இல்லை. அரசனை எழுப்பத்தான் ஆள் தேவை. மழலை, காக்கைக்கும் முன்னால், பல நாள் முஅத்தினுக்கும் முன்னால், தானே எழுந்து வீட்டாரையும் எழுப்பிவிடும்.

அரபு மொழியிலும் இவ்விஷயத்தில் செல்வம் குறைவில்லை. ஹிஜ்ரி 429இல் (கி.பி. 1038) மறைந்த ஸஆலிபி தமது மொழிநூலில் தூக்கத்தின் படிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார். முதற்படி நுஆஸ், இமை கனக்கத் தொடங்கும் நிலை. அங்கிருந்து படிப்படியாக இறங்கி ஆழ்ந்த துயிலுக்குப் போகிறது வரிசை. எனினும் குழந்தையின் உறக்கத்துக்குத் தமிழ் வழங்கியிருக்கும் சொல்லுக்கு ஈடாக ஒன்றை நான் அரபியில் கண்டதில்லை. ‘கண்வளர்தல்’ என்கிறோம். உடல் வளர்ச்சிக்குரிய சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. தொட்டிலருகே அமர்ந்திருந்த தாய்மார் அந்த உண்மையை ஒரு சொல்லில் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

சொல்லின் அழகு இருக்கட்டும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நின்றுகொண்டு, தலைமாட்டில் இருக்கும் செம்பை உருட்டும் ஒன்றே முக்கால் வயதுப் பேரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் எழுந்த கேள்வி இது. நம் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்வி இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மகளைப் பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காட்டில் கொடுத்திருக்கிறோம். வெள்ளாற்றங்கரை ஊர் அது. அவ்வூரின் வீட்டுக்கு ஒருவரேனும் வளைகுடாவில் இருப்பார் என்று சொன்னால் மிகையாகாது. எங்கள் மருமகனும் துபாயில் கட்டடப் பணியில் இருக்கிறார். இரண்டு மாதம் தங்கிப் போகலாம் என்று மகள் பிள்ளையோடு அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வரும்போதே அந்தப் பிள்ளையின் உறக்கக் கணக்கும் கூடவே வந்தது. இரவு பதினொரு மணிக்கு உறங்குவான். நான்கு மணிக்கு விழிப்பான். காலை எட்டு மணிக்கு மீண்டும் சாய்ந்து ஒன்றரை மணி நேரம் தூங்குவான். மாலை நாலரைக்குச் சோர்ந்து விழுந்து மஃரிபை ஒட்டி எழுவான். எழுந்தவன் பதினொரு மணிவரை ஓயமாட்டான். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒரு வயது முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்குப் பகலுறக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்திருக்கிறது. மூன்று மணி நேரம் குறைகிறது!

பிள்ளைக்கே மூன்று மணி நேரம் குறைகிறதென்றால் தாய்க்கு எவ்வளவு குறையும்? அவளுக்கு எட்டு மணித் தூக்கமும் கிடையாது, மாலைத் தூக்கமும் கிடையாது. அவன் தூங்கும் நேரமே அவளுக்கு வேலை நேரம். வந்த ஐந்தாம் நாள் முற்பகல், திண்ணையில் பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் தூணில் சாய்ந்தபடியே உறங்கிப்போனாள். பிள்ளை இறங்கி, படியைத் தாண்டி, சாலைவரை போய்விட்டான். அரியலூர்ச் சாலைகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு இரவு பகல் கிடையாது. எதிர்வீட்டு மூதாட்டி ஓடிவந்து அவனை அள்ளிக்கொண்டு வந்தார். அல்ஹம்து லில்லாஹ். மகளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவளே தன்னை நொந்துகொண்டு அன்று முழுவதும் சரியாக உண்ணவில்லை.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. பெரும்பாலோர் கூறியது ஒன்றே: “பகலில் தூங்க விடாதீர்கள்; இரவில் கட்டை போலத் தூங்குவான்.” கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பெரியவர்களாகிய நாம் பகலில் நன்றாக உறங்கிவிட்டால் இரவில் புரளுகிறோம் அல்லவா? ஆனால் சின்னஞ்சிறு குழந்தையின் உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. அளவுமீறி அயர்ந்த பிள்ளை அடம்பிடிக்கும், எளிதில் அடங்காது, அடங்கினாலும் பின்னிரவில் உறக்கம் மெலியும்போது சட்டென்று விழித்துக்கொள்ளும். குழந்தை மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என் மனைவி இரண்டு நாள் சோதித்தும் பார்த்தார். இரண்டாம் நாள் அவன் எழுந்தது மூன்றரை மணிக்கு.

மற்றொரு ஆலோசனை வந்தது. அதைத்தான் நான் அஞ்சினேன். உறவுக்காரர் ஒருவர் மருந்துக்கடையிலிருந்து சளி மருந்துப் புட்டி ஒன்றை வாங்கி வந்து, “அரைக் கரண்டி கொடுங்கள், விடியும்வரை அசையமாட்டான்” என்றார். அன்பினால் செய்தார்; அதில் ஐயமில்லை. புட்டியை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்து, மறுநாள் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். சளி மருந்தில் உறக்கம் வருவது அதன் பக்கவிளைவு. அதற்காக அதைப் புகட்டுவது மருத்துவம் ஆகாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆணையிட்டது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா வட்டாரத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்ட செய்தியை எல்லோரும் படித்தோம். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நூறாண்டுக்கு முன் பம்பாய் ஆலைகளில் வேலை பார்த்த தாய்மார், தாம் திரும்பும்வரை பிள்ளை உறங்கட்டும் என்று அபினி உருண்டை கொடுத்தனர் என அக்காலத்து விசாரணை அறிக்கைகள் பதிந்திருக்கின்றன. அவர்கள் கொடியவர்களா? இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆளில்லை. எங்கள் வீட்டிலோ ஆள் இருந்தது. நான்கு மணிக்கே எழுந்து தஸ்பீஹும் கையுமாக உட்காரும் இரண்டு பேர் இருந்தோம்.

இதிலிருந்துதான் எனக்கு வழி புலப்பட்டது. குழந்தை வைகறையில் விழிப்பதைக் குறையென்று நினைப்பானேன்? விழித்தெழும் வேளை பரக்கத்தான வேளை என்று மிம்பரில் நின்று முழங்கும் நாம், ஒரு மழலை அவ்வேளையில் எழுந்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம். இடர் அவன் எழும் நேரத்தில் இல்லை. அவன் தூங்கப் போகும் நேரத்திலும், எழுந்ததும் அவனை ஏந்தும் கை யாருடையது என்பதிலும் இருக்கிறது.

பதினொரு மணிவரை ஏன் விழித்திருக்கிறான்? மகளிடம் கேட்டேன். “அவர் கூப்பிடும் நேரம் அதுதான் அத்தா” என்றாள். மருமகன் பன்னிரண்டு மணி நேரப் பணி முடிந்து, பேருந்தில் அறைக்குத் திரும்பி, முறைபோட்டுச் சமைத்து உண்டு, கைப்பேசியை எடுக்கும்போது அங்கே மணி ஒன்பதேகால். நமக்கு அது பத்தே முக்கால். அந்த வேளையில் பிள்ளையின் முகத்தைத் தந்தைக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அவன் உறங்காமல் காக்கப்பட்டான். தூங்கிவிட்டால் எழுப்பப்பட்டான். கைப்பேசியின் வெளிச்சம் வேறு! உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. ஒளியைக் கண்டுதான் அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. அந்தக் கடிகாரத்தின் நுட்பத்தை ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவில் முகத்தருகே ஒளி பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகும். நான்கு மணிக்கு எழுந்தவனை அமைதிப்படுத்த அதே கைப்பேசியைக் கையில் கொடுத்தால், “விடிந்துவிட்டது” என்று அதற்கு நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

அழைப்பை நிறுத்தும்படி ஒரு தந்தையிடம் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை நானே பேசினேன். நெடுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மாமா, அவன் என் முகத்தை மறந்துவிடுவான்” என்றார். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருகிறவர். பிள்ளை பிறந்தபோது அவர் இங்கில்லை; இதுவரை அவனைத் தூக்கியது நாற்பது நாள். கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகளின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பது மாதாமாதம் வரும் பணத்தில் தெரிவதில்லை. “நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்” என்றேன். அவர்களுடைய பேருந்து காலை ஐந்தரைக்குப் புறப்படுகிறது. அங்கே ஐந்து மணி என்றால் இங்கே ஆறரை. பிள்ளை எழுந்து, பால் குடித்து, சிரித்துக்கொண்டிருக்கும் வேளை அது. இரவில் அவர் கண்டதெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கும் முகத்தைத்தானே? அவர் ஒத்துக்கொண்டார். குளிர்காலத்தில் பேருந்து கிளம்பிய பிறகே அங்கு சுபுஹு வேளை நுழைகிறது; ஆகையால் முதலில் மகனின் முகம், பிறகு பணியிடத்தில் தொழுகை.

எஞ்சியது எங்கள் வேலை. ஒரே நாளில் எதையும் மாற்றவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரவுத் தூக்கத்தைக் கால் மணி நேரம் முன்னே இழுத்தோம். மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சி இல்லை. இஷாவுக்குப் பின் அந்த அறையில் விளக்கும் இல்லை. கூடத்தின் கிழக்குச் சன்னலுக்குக் கெட்டியான போர்வையைத் தொங்கவிட்டோம். காலை எட்டு மணித் தூக்கத்தை எட்டேகால், எட்டரை, ஒன்பது என்று தள்ளித் தள்ளி நண்பகலுக்குக் கொண்டுவந்தோம். இதுதான் கடினமாக இருந்தது. பத்து மணியளவில் அவன் ‘நுஆஸ்’ படியில் நிற்பான். வாளியில் தண்ணீர் வைத்து விளையாட விட்டு என் மனைவி அவனை ஏமாற்றுவார். ஒன்றரை வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு பகலுறக்கத்தை ஒன்றாக்கிக்கொள்ளும் பருவம் வருகிறது. எனவே நாங்கள் செய்தது இயற்கைக்கு மாறானதன்று. மாலை நாலரைத் தூக்கம் தானாகவே உதிர்ந்தது. அஸருக்குப் பின் உறங்குபவன் அறிவை இழப்பான் என்று மக்களிடையே வழங்கும் செய்தியை ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலவீனமானதென்று ஒதுக்கிவிட்டார்கள். ஆயினும் குழந்தையைப் பொறுத்தமட்டில் அந்நேரத் தூக்கம் இரவைக் கெடுக்கும் என்பதை அனுபவத்தில் கண்டேன்.

நண்பகல் உறக்கம் நமக்குப் புதிதன்று. கைலூலா என்ற பெயரோடு அது நபிவழியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜுமுஆவுக்குப் பின்னரே தாங்கள் உண்டதும் கைலூலா உறங்கியதும் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. திருமறையின் அந்நூர் அத்தியாயம் 58ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. பருவமெய்தாத பிள்ளைகள் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டிய மூன்று வேளைகளை அது குறிக்கிறது: சுபுஹுக்கு முன், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின். பெரியவர்களுக்கும் பிள்ளைகளிடமிருந்து ஓய்வு வேண்டும் என்பதை வேதமே ஏற்றுக்கொள்கிறது! தவழ்ந்தும் தள்ளாடியும் வரும் குழந்தைக்கு அனுமதி கேட்கத் தெரியாது. ஆகவே அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போக ஒருவர் வேண்டும்.

சுபுஹு வேளை என் பொறுப்பாயிற்று. அவன் விழித்த ஓசை கேட்டதும் என் மனைவி அவனைத் தாயின் அருகிலிருந்து எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். பள்ளியிலிருந்து நான் திரும்பியதும் அவன் என் தோளுக்கு மாறுவான். ஆடு, சேவல், பால்காரரின் மணி, வெளுக்கும் வானம் என்று ஆறரைவரை எங்களுக்குப் பொழுது போதாது. மகள் தொழுதுவிட்டு மறுபடியும் படுத்து ஏழு மணிவரை உறங்குவாள். சுபுஹுக்குப் பின் உறங்குவது ஆகாது என்று என் மாணவர்களுக்கு முப்பதாண்டாகச் சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன். ஆனால் அது இரவெல்லாம் உறங்கியவனுக்குச் சொல்லும் சொல். இரவில் மும்முறை எழுந்து பாலூட்டியவளுக்கு அதைச் சொல்ல எனக்கு நா எழாது. தொழுகையை நீட்டித் தொழ நாடி நின்ற நாயகம் (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாயின் உள்ளம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். சுருக்கியது தாயை எண்ணி என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏறக்குறைய ஆறு வாரத்தில் கணக்கு மாறியது. இரவு எட்டரைக்கு உறங்கி ஐந்து மணிக்கு எழுகிறான். நண்பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை உறங்குகிறான். மொத்தம் பதினொரு மணி நேரம். ஐந்து மணியை ஆறாக்க எங்களால் இயலவில்லை. நம் பகுதியில் ஆண்டு முழுவதும் பார்த்தாலும் சூரியோதயம் முன்பின்னாவது ஒரு மணி நேரத்துக்குள்தான். சேவலும் பாங்கும் அந்நேரத்தை ஒட்டியே நடக்கின்றன. அவனும் அவற்றோடு சேர்ந்துகொண்டான். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

இதெல்லாம் இரண்டு கிழவர்கள் இருக்கும் வீட்டுக் கதை என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கவும் சின்ன வெங்காயம் நடவும் போகும் பெண்கள், வேப்பமரக் கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் குனிகிறார்கள். அந்தத் தூளியில் நண்பகல் உறக்கம் கிடைக்கும். அது கலைந்தால் ஆட்டிவிட ஆளிராது. நூறு நாள் வேலைக்கென 2005இல் வந்த சட்டம் இதை எண்ணிப் பார்த்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐவர் அல்லது அதற்கு மேல் வேலைத்தலத்தில் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணையே அமர்த்த வேண்டும் என்று விதித்தது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் இன்றும் உணவுக்குப் பின் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறார்கள். இரண்டு வயது நிறைந்ததும் அங்கே சேர்க்க நம் குடும்பங்களில் சிலர் ஏனோ தயங்குகிறார்கள். வீட்டில் தொலைக்காட்சி முன் கிடக்கும் பிள்ளையைவிட அங்கே பாயில் கிடக்கும் பிள்ளை நன்றாக உறங்குகிறது என்பது நான் கண்ணால் கண்டது. காலை மக்தபில் அலிஃப், பே எழுத்தின்மேல் தலை சாயும் ஐந்து வயதுச் சிறுவர்களைப் பார்த்தால், எந்த வீட்டில் இரவு பதினொரு மணிவரை விளக்கு எரிகிறது என்று என்னால் சொல்லிவிட முடியும். அவர்களை நான் பிரம்பு காட்டி எழுப்புவதில்லை.

துபாயில் இருப்பவருக்கும் ஒரு கைலூலா உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். வெயிலில் நின்று வேலை செய்வோருக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை ஓய்வு தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. 2005 முதல் கோடையில் இத்தகைய தடை நடைமுறையில் இருக்கிறது. அங்கே அவர் கட்டடத்தின் நிழலில் துண்டை விரித்துச் சாயும்போது இங்கே மணி இரண்டு. மகன் தூளியில் இருப்பான். ஒருநாள் தாய் அதைப் படமெடுத்து அனுப்பினாள். தாம் படுத்திருக்கும் இடத்தைப் படமெடுத்து அவரும் அனுப்பினார்.

இரண்டு மாதம் முடிந்து மகள் லெப்பைக்குடிக்காடு திரும்பும் நாள் நெருங்கியது. அங்கே பெரிய குடும்பம். இரவு உணவே பத்து மணிக்கு. அவள் மாமனாரிடம் நான் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். சம்பந்தி வீட்டுப் பழக்கத்தில் தலையிடுவது நாகரிகமன்று என்று என் மனைவி கருதினார். நான் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஹஸரத், சுபுஹு தொழுதுவிட்டு வந்தால் எனக்கு எட்டு மணிவரை வேலை ஒன்றுமில்லை. பையனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இராத்திரிச் சோற்றைப் பற்றி மட்டும் என் வீட்டு அம்மாளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.